காலிக் கட்டமும் காணாமற்போன 13 பெயர்களும்



கணினி நிரல் ஒன்றில் நேர்ந்த பிழையைப் பற்றியும், அப்படிப்பட்ட பிழையைத் திருத்துகிற வகையைப் பற்றியும் இன்று பேச இருக்கிறோம். இதைக் கேட்டதும், காலையில் பால் வெட்டி, மாலையில் வீட்டு வேலையும் முடித்து வானொலியின் முன் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சிலர், "இது படிக்கிற பிள்ளைகளுக்கு, நமக்கில்லை" என்று எழுந்துவிடக் கூடும். எழ வேண்டாம். பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்த எவருக்கும் இந்தப் பிழை விளங்கும். சொல்லப் போனால், பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்த எங்களுக்கு விளங்கியதை விட உங்களுக்கு விரைவாகவே விளங்கும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

எங்களுடையது ஒரு தோட்டப் பள்ளி. 2022-ஆம் ஆண்டில் பதிவேட்டில் 64 மாணவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுப் பள்ளித் தவணை மார்ச்சு மாதத்தில் தொடங்கியபோது, நல்ல மனம் படைத்த ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கென 70 புத்தகப் பைகள் அனுப்பி வைத்தார். காய்ச்சல் என்றும், வீட்டில் தனித்திருக்க வேண்டும் என்றும் பிள்ளைகள் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஆகையால் ஒரே நாளில் கொடுக்க முடியாமல், வகுப்பு வகுப்பாக ஒரு வாரம் கொடுத்தோம். யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதை அந்தந்த ஆசிரியர் கைப்பேசியிலேயே குறித்துக் கொண்டார். அதற்கான நிரலை எங்கள் பள்ளியில் படித்துச் சென்ற ஒரு தம்பி எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய தாயார் இன்றைக்கும் இதே தோட்டத்தில்தான் மரம் வெட்டுகிறார். தம்பி ஒரு காசும் வாங்கவில்லை.

வாரக் கடைசியில் நிரலைத் திறந்து, "இன்னும் பை பெறாத மாணவர் யார்?" என்ற பொத்தானைத் தட்டினோம். திரையில் ஒரு பெயரும் இல்லை. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். மூலையில் 18 பைகள் மிஞ்சிக் கிடந்தன. கொடையாளி தாராளமாக அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, அவற்றை ஆற்றுக்கு அப்பாலிருக்கும் இன்னொரு பள்ளிக்கு அனுப்பி விட்டோம். 70-இல் 64 போனால் 6 தானே மிஞ்ச வேண்டும், 18 எப்படி மிஞ்சும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாங்கள்! திரையில் தெரிந்ததை நம்பினோம். மூலையில் கிடந்ததை எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். வேலை உடுப்போடு, காண்டா வாளியை வாசலில் வைத்துவிட்டு நின்றார்.

"சார், எம் பொண்ணுக்குப் பையே கிடைக்கலீங்க. கேட்டா எல்லாருக்கும் குடுத்தாச்சின்னு சொல்றாங்களாம். நாங்க பேரு குடுக்காமலா விட்டோம்?"

அப்போதுதான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். பதிவேட்டிலுள்ள 64 பேரில் பை பெற்றவர்கள் 51 பேர். பெறாதவர்கள் 13 பேர். நிரலோ பெறாதவர் எவருமில்லை என்று சொன்னது. அந்த 13 பெயர்களும் எங்கே போயின?

அந்தச் சனிக்கிழமை மாலையில் தம்பி வந்தார். பள்ளி ஐந்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தார். "பை பெற்றவர் யார்?" என்று கேட்டார். 51 பெயர்கள், ஒன்று கூடப் பிசகாமல் வந்தன. "பெறாதவர் யார்?" என்று கேட்டார். வெறுந்திரை. ஒரு பக்கம் 51, மறு பக்கம் சுழி. இரண்டையும் கூட்டினால் 64 வரவில்லை. தம்பி சற்று நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு கொடுத்த விவரம் பதிந்துள்ள ஏட்டை வரி வரியாக இறக்கிப் பார்த்தார். அதில் 51 வரிகள் அல்ல, 52 வரிகள் இருந்தன. 52-ஆவது வரியில் மாணவர் எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

அதன் காரணம் உடனே எங்களுக்கு நினைவு வந்தது. பை கொடுத்த வாரத்தில்தான் வேறொரு தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் இங்கே வந்தது. அந்தப் பையனின் பெயர் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை, எண்ணும் இல்லை. மற்ற பிள்ளைகள் வாங்கும்போது அவன் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா என்று ஆசிரியை ஒரு பையைக் கொடுத்துவிட்டு, எண் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார். செய்தது நல்ல காரியம். அந்த ஒரு காலிக் கட்டம்தான் 13 பிள்ளைகளின் பெயரையும் விழுங்கிவிட்டது. 64 அல்ல, பதிவேட்டில் 64,000 பெயர்கள் இருந்திருந்தாலும் அத்தனையையும் அது விழுங்கியிருக்கும்.

அது எப்படி என்று கேட்பீர்கள். இங்கேதான் பெரட்டுக்கு வருகிறோம்.

விடியற்காலை நேரம். மண்டோர், வேலைக்கு வந்தவர்களின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கிராணியிடம் கொடுக்கிறார். இலேசான மழைத் தூறல். சீட்டில் ஒரு வரி நனைந்து கரைந்துவிட்டது. அங்கே ஓர் எண் இருந்தது தெரிகிறது, எந்த எண் என்பது தெரியவில்லை. கிராணி செக்ரோலை விரித்து வைத்துக்கொண்டு, "இன்றைக்கு வராதவர்கள் யார்?" என்று பார்க்கிறார். நம் கிராணி என்ன செய்வார்? கரைந்த வரியை ஒதுக்கிவிட்டு, மற்ற எண்களைப் பார்த்து, "இன்னின்னார் வரவில்லை, இவர்களில் யாரோ ஒருவர் வந்தும் இருக்கலாம்" என்று சொல்லிவிடுவார். அது மனித அறிவு.

தரவுத்தளம் என்று சொல்லப்படும் கணினிப் பேரேடு அப்படிச் செய்யாது. அது ஒரு பிடிவாதக்காரக் கிராணி. 17-ஆம் எண்ணை எடுத்துக்கொள்கிறது. சீட்டின் முதல் வரியில் 17 இருக்கிறதா? இல்லை. இரண்டாம் வரியில்? இல்லை. இப்படியே எழுத்துத் தெரிகிற 51 வரிகளிலும் இல்லை. கரைந்து போன 52-ஆம் வரியில் இருப்பது 17 தானா? "தெரியாது." ஆகவே, 17 சீட்டில் இல்லை என்று உறுதி கூற முடியாது. உறுதி கூற முடியாததை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்று அந்தப் பெயரை விட்டுவிடுகிறது. அடுத்து 18-ஆம் எண், அதற்கும் அதே பதில். சீட்டில் உண்மையிலேயே இருக்கிற எண்களோ, வந்தவர்கள் என்பதால் இந்தப் பட்டியலுக்கு வாரா. முடிவில் ஒரு பெயரும் மிஞ்சுவதில்லை.

"வந்தவர் யார்?" என்று கேட்டால் மட்டும் இந்தக் கிராணி சரியாகச் சொல்லிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். 23-ஆம் எண் சீட்டில் பளிச்சென்று தெரிகிறது; கரைந்த வரி அதனைப் பாதிக்கவில்லை. "இருக்கிறது" என்று சொல்ல ஒரு வரி போதும். "இல்லை" என்று சொல்ல எல்லா வரிகளும் தெரிந்திருக்க வேண்டும். இதனால்தான் இந்தப் பிழை எளிதில் அகப்படுவதில்லை. நிரல் நின்று போகவில்லை, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரவில்லை, பாதிக் கேள்விகளுக்குச் சரியான விடையும் வருகிறது.

பேரேட்டுக் கணினி இப்படி நடந்துகொள்வது யாருடைய குற்றமும் அல்ல. வேண்டுமென்றே அவ்விதம் அமைத்திருக்கிறார்கள். எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர், பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றினார். செய்திகளை வரியும் பத்தியுமாக ஏடுகளில் வைத்துக்கொண்டு, ஏடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையை அவர் 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அந்த ஏடுகளிடம் கேள்வி கேட்பதற்கென ஒரு மொழியை அமைத்து 1974-இல் வெளியிட்டனர். அதுதான் பின்னாளில் எஸ்.க்யூ.எல். என்று பெயர் பெற்றது. வங்கியிலும் மருத்துவமனையிலும் பதிவகத்திலும் இன்று நம்மைப் பற்றிய விவரங்களைத் தேடி எடுக்கப் பெரும்பாலும் பயன்படுவது இந்த மொழிதான்.

அந்த மொழியில் காலிக் கட்டத்துக்கு 'நல்' என்று பெயர். தமிழில் நல் என்றால் நல்லது. இந்த 'நல்' அவ்வளவு நல்லதல்ல. அது சுழியும் அன்று, 'இல்லை'யும் அன்று. ஒரு பிள்ளையின் படிவத்தில் தந்தையின் தொலைபேசி எண் காலியாக இருந்தால், தந்தைக்குத் தொலைபேசியே இல்லை என்பதா, இருந்தும் எழுதவில்லை என்பதா? கட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காட் அவர்களே 1990-இல் எழுதிய நூலில், இவ்விரண்டு வகைக் காலிகளுக்கும் தனித்தனி அடையாளம் வைக்க வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. எனவே எஸ்.க்யூ.எல். மொழியில் 'உண்மை', 'பொய்' என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் நிலைத்துவிட்டது. 'தெரியாது' என்பதை மறுத்தாலும் 'தெரியாது' தான். உண்மை என்று உறுதியானதை மட்டுமே அது பட்டியலில் சேர்க்கும்.

இனி, தம்பியின் நிரலுக்கு வருவோம். அவர் எஸ்.க்யூ.எல். மொழியில் ஒரு வரி கூட எழுதவில்லை. பைதான் என்னும் வேறொரு மொழியில்தான் எழுதினார். அப்படியானால் கேள்வியை எஸ்.க்யூ.எல்.லுக்கு மாற்றியது யார்?

வீடு கட்டுகிற தச்சர் ஒவ்வொரு கதவு நிலையையும் மரத்திலிருந்து இழைத்துக்கொண்டிருப்பதில்லை. அளவுக்கேற்ப ஆயத்தமாக வரும் சட்டங்களை வாங்கிப் பொருத்துகிறார். இணையத்தளம் கட்டுகிறவர்களுக்கும் அப்படிப்பட்ட ஆயத்தச் சட்டகங்கள் உண்டு. தம்பி பயன்படுத்தியதன் பெயர் ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ஆம் ஆண்டில் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இரு இளைஞர்கள் தங்கள் வேலையைச் சுருக்கிக்கொள்ள அதனை எழுதத் தொடங்கினர். 2005-இல் அதனை எல்லாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் பெயர் அது. அவர் 1928-இல் ஒரு தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப் போக, மற்ற விரல்களைக் கொண்டே வாசித்துப் புகழ் பெற்றவர். இது பேச்சுக்குப் புறம்பானதுதான். எங்கள் மாணவர்களுக்குப் பிடித்த செய்தி என்பதால் சொன்னோம்.

ஜாங்கோவின் உள்ளே, பைதானில் எழுதியதை எஸ்.க்யூ.எல்.லாக மாற்றிப் பேரேட்டிடம் கொண்டு போகிற ஒரு பகுதி இருக்கிறது. துரைமார் காலத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். துரை ஆங்கிலத்தில் ஒன்று சொல்வார். கிராணி அதைத் தமிழில் நமக்குச் சொல்வார். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பொருள் மாறிப் போனதால் வேறு நிரைக்குப் போய் வெட்டிவிட்டுத் திரும்பிய கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே துரையும் தவறாகச் சொல்லவில்லை, வெட்டியவரும் தவறு செய்யவில்லை.

இங்கும் அதேதான். பைதான் மொழியில் காலி என்பதும் ஒரு பொருளே. "காலியும் 17-உம் வேறு வேறா?" என்று கேட்டால் அது தயங்காமல் "ஆம், வேறு" என்று சொல்லும். எஸ்.க்யூ.எல்.லிடம் அதையே கேட்டால் "தெரியாது" என்று சொல்லும். பைதானில் நினைத்து எழுதுகிறவர் ஒரு விடையை எதிர்பார்க்கிறார்; எஸ்.க்யூ.எல். வேறொரு விடையைத் தருகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மொழிபெயர்ப்பாளர்தான் இந்த வேற்றுமையை அறிந்து, சொல்லை அல்லாமல் கருத்தைக் கொண்டு போக வேண்டும். அறியாமல் போனால் அதுதான் கேள்வியை ஆக்குவதில் நேரும் பிழை.

ஜாங்கோவைக் கட்டியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மால்கம் ட்ரெடினிக் என்ற ஆஸ்திரேலியர் இந்த மொழிபெயர்ப்புப் பகுதியை ஏறக்குறைய அடியோடு மாற்றிக் கட்டினார். அந்த வேலை 2008 ஏப்ரலில் சட்டகத்தோடு இணைக்கப்பட்டது. அவர் 2013-இல் காலமாகிவிட்டார். அவருக்குப் பின்னும் பலர் கைவைத்து வளர்த்த பகுதி அது. ஜாங்கோவின் மூல நிரல் எவரும் திறந்து படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. தம்பி அதை எங்களுக்குத் திறந்து காட்டினார். நிரலின் நடுவே, பின்னால் வருகிறவர்கள் படிப்பதற்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். காலிக் கட்டத்தை என்ன செய்வது என்பதைப் பற்றியே ஒரு நீண்ட குறிப்பு இருந்தது. யாரோ முன்பே இந்தக் குழியில் விழுந்து எழுந்து, பலகை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் குறிப்பு சொல்கிற உபாயம் அழகானது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். "வகுப்பு 5 அல்லாத பிள்ளைகள் யார்?" என்று கேட்கிறோம். ஒரு பிள்ளையின் வகுப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. நேராக மொழிபெயர்த்தால் அந்தப் பிள்ளை விடுபட்டுப் போகும். ஆகவே ஜாங்கோ கேள்வியை இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறது: "வகுப்பு 5-ஆகவும், வகுப்புக் கட்டம் நிரம்பியும் இருக்கிற பிள்ளைகள் அல்லாத மற்றவர்கள் யார்?" காலிக் கட்டப் பிள்ளைக்கு முதற் பகுதி 'தெரியாது', இரண்டாம் பகுதி 'பொய்'. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கும்போது ஒன்று பொய்யானாலே முழுவதும் பொய்தான். "மழையும் பெய்ய வேண்டும், இன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்க வேண்டும்" என்றால், இன்று திங்கள் என்று தெரிந்த பிறகு வானத்தை ஏன் பார்க்க வேண்டும்? அந்தப் பொய்யை மறுத்தால் உண்மை. பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்துவிடுகிறது. 'தெரியாது' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லாமற் போகிறது.

ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு மற்றோர் ஏட்டில் "இல்லாதவர் யார்" என்று சட்டகமே தேடுகிற இடங்களிலும் இப்படியே காவல் போட்டார்கள். முதலில், உள்ளே தேடும் ஏட்டில் காலி வரிகளை ஒதுக்கிவிடு என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்று அப்போதே குறிப்பெழுதி வைத்து, பிற்காலத்தில் அதற்கே மாறினார்கள். அந்த வழியில் கேள்வியின் அமைப்பே மாறுகிறது. "17 அந்தச் சீட்டில் இல்லாத எண்ணா?" என்று கேட்பதில்லை. "சீட்டில் 17 என்று எழுதிய வரி ஏதேனும் கண்ணில் படுகிறதா, போய்ப் பார்த்து வா" என்று கேட்கிறார்கள். கரைந்த வரி 17 என்று உறுதியாகாததால் அது கண்ணில் படுவதில்லை. "படவில்லை" என்று திட்டமான விடை வருகிறது. 'பட்டது', 'படவில்லை' என்ற இரண்டைத் தவிர வேறு விடை இந்தக் கேள்விக்குக் கிடையாது.

மூன்றாவதாக ஓர் இடம். நிரல் எழுதுகிறவர், ஏட்டைக் காட்டாமல் எண்களையே ஒரு வரிசையாகக் கொடுத்து, "இவை அல்லாதவை எவை?" என்று கேட்கலாம். அந்த வரிசையில் ஒரு காலி நுழைந்துவிட்டால் மறுபடியும் அதே வெறுந்திரைதான். 2020-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள். காலி எதற்கும் சமமாகாது. ஆகவே வரிசையிலிருந்து காலியை எடுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கேள்வியை அமைப்பது என்பதே அந்தத் திருத்தம். கருத்தளவில் ஒரு சிறு வரி.

ஒரு சிறு வரிக்கா இத்தனை காலம் என்று நாங்களும் கேட்டோம். தம்பி சிரித்தார். சட்டகத்தின் ஒரு வரியை மாற்றினால், உலகெங்கும் அதன்மேல் கட்டப்பட்ட தளங்கள் அத்தனையிலும் விடை மாறும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, ஆரக்கிள், எஸ்க்யூலைட் என்று ஜாங்கோ பேச வேண்டிய பேரேட்டு வகைகளும் பல. ஓரிடத்தில் நிபந்தனை ஒன்றைக் கூட்டினால் விடை சரியாகலாம், தேடும் வேகம் குறைந்தும் போகலாம். ஆகையால் அங்கே ஒரு நடைமுறை உண்டு. பிழையைக் கண்டவர் அதனை மிகச் சிறிய எடுத்துக்காட்டாகச் சுருக்கி எழுதித் தர வேண்டும். பிறகு, திருத்துவதற்கு முன்பாகவே, அந்தப் பிழையைப் பிடிக்கிற ஒரு சோதனையை எழுத வேண்டும். சோதனை முதலில் தோற்க வேண்டும்! தோற்றால்தான் அது பிழையைப் பார்க்கிறது என்று பொருள். அதன் பின் திருத்தி, அந்தச் சோதனை வெல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு முன்னோர் எழுதி வைத்த பல்லாயிரம் சோதனைகளும் பழுதின்றி வெல்கின்றனவா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். வேறொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே திருத்தம் ஏறும்.

முதலில் தோற்கிற சோதனை என்ற கருத்து எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பில் நாங்கள் வைக்கும் சோதனைகள், பிள்ளைக்குத் தெரிந்ததையே திரும்பக் கேட்பவை அல்லவா பெரும்பாலும்? தம்பியும் தம் நிரலைச் சோதிக்காமல் கொடுக்கவில்லை. பத்துப் பிள்ளைகள், ஐந்து பைகள் என்று வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. அந்தச் சோதனையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. எண் இல்லாத ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவான் என்று அவர் நினைக்கவில்லை. தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்தாம், ஆனாலும் நினைக்கவில்லை.

நினைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். நம் குடும்பங்களின் தாள்களில் காலிக் கட்டம் என்பது புதிதா? பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் எழுதாமல் விட்ட பிள்ளைகள், அடையாள அட்டை வராததால் எண் இல்லாத பிள்ளைகள், வேலை தேடித் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும் குடும்பங்களில் பள்ளி மாற்றுத் தாள் வந்து சேராத பிள்ளைகள் என்று ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். நகரத்துப் பள்ளியில் ஆயிரத்தில் ஒன்றாக வரும் காலி, எங்கள் பள்ளியில் ஐம்பதில் ஒன்றாக வந்துவிடுகிறது. ஆகையால் எங்களுக்கென எழுதப்படும் நிரலை முதலில் காலியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இதைத் தம்பியிடமே சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார்.

சரி, எங்கள் நிரலில் என்ன கோளாறு? ஜாங்கோ காவல் போட்ட மூன்று இடங்களில் எதிலும் அது விழவில்லை. தம்பி, "பை பெற்ற மாணவர் எண்களைத் தேடு" என்று ஒரு கேள்வியைத் தாமே தனியாக எழுதி, அந்தக் கேள்வியை அப்படியே தூக்கி இன்னொரு கேள்வியின் வயிற்றுக்குள் வைத்து, "இவர்கள் அல்லாதவர் யார்?" என்று கேட்டிருந்தார். அவர் பயன்படுத்திய பதிப்பு, எழுதியவர் சொன்னபடியே அதனை மொழிபெயர்த்தது. உள் கேள்விக்குள் காலி இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

தம்பி அன்று மாலையில் முதலில் திருத்தவில்லை. ஜாங்கோக்காரர்களின் முறைப்படியே, மூன்று பிள்ளைகள், ஒரு பை, ஒரு காலி வரி என்று ஒரு சின்னச் சோதனையை எழுதினார். ஓட்டினார், தோற்றது. "நல்லது" என்றார். பிறகு உள் கேள்வியை எடுத்துவிட்டு, கண்ணில் படுகிறதா படவில்லையா என்று கேட்கும் வகையில் மாற்றி எழுதினார். மறுபடியும் ஓட்டினார், வென்றது. அதன்பின் பள்ளிப் பேரேட்டையே திறந்து பொத்தானைத் தட்டினார். 13 பெயர்களும் அகர வரிசையில் வந்து நின்றன. வாளியோடு வந்த தாயின் மகள் பெயர் ஒன்பதாவதாக இருந்தது.

இன்னொன்றும் செய்தார். பட்டியலின் அடியில், பெற்றவர் இத்தனை, பெறாதவர் இத்தனை, எண் தெரியாத வரி இத்தனை என்று மூன்று எண்ணிக்கைகளையும் காட்டும்படி வைத்தார். இப்போது எண்ணிக்கை பொருந்தாவிட்டால் நாங்களே கண்டுகொள்வோம். காலிக் கட்டத்தை நிரல் ஏற்காமலே தடுத்துவிடலாமே என்று தலைமையாசிரியர் கேட்டார். அதில் நாங்கள் உடன்படவில்லை. தடுத்திருந்தால், எண் இல்லாத அந்தப் பையனுக்குக் கொடுத்த பை எந்தக் கணக்கிலும் ஏறியிராது. அல்லது ஆசிரியை வேறு யாருடைய எண்ணையாவது போட்டிருப்பார். பொய் எண்ணை விடக் காலிக் கட்டமே மேல். அது இன்னது என்று அடையாளம் தெரிந்தால் போதும். பெற்றோர்களும் படிவம் நிரப்பும்போது, இல்லாததற்கு 'இல்லை' என்றும், தெரியாததற்குத் 'தெரியாது' என்றும் எழுதிக் கொடுத்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

ஆற்றுக்கு அப்பால் போன பைகளைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அங்கும் நம் பிள்ளைகள்தாம் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொன்னோம். பணம் சேர்ந்தது, 13 பைகள் வாங்கினோம். முதலில் வந்தவை நீல நிறம். கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டதால் இவை பழுப்பு நிறம். ஆண்டு முடியும் வரையில் பள்ளித் திடலில் நீலப் பைகளுக்கு நடுவே அந்தப் பழுப்புப் பைகளைப் பார்த்தபடியே இருந்தோம். புதிதாக வந்த பையனுக்கு ஏப்ரலில் பதிவேட்டில் 65-ஆம் எண் கிடைத்தது. 52-ஆவது வரியின் காலிக் கட்டத்தில் அந்த எண்ணை அவனை உட்கார வைத்தே தட்டெழுத்திட்டோம்.